நாவலேரியின் சாட்சிக் கல்

நாவலேரியின் கரைக்குள் வளையாள் என்ற நண்டு குடியிருந்தாள். கரையின் மேல் அல்ல, கரைக்குள்ளே. அங்கே அவளுக்கு ஒரு வளை இருந்தது. அவள் வயிற்று மடிப்புக்குள் எண்பது குஞ்சுகள் இருந்தன. எண்பது என்பது அவள் சொல்வது. குஞ்சுகள் ஓயாமல் நெளிந்துகொண்டே இருந்ததால் ஒரு நாளும் அவள் முழுதாக எண்ணி முடித்ததில்லை.

அது புதுக் கரை. போன கோடையில்தான் மூங்கிலடிக் காட்டு விலங்குகள் கூடி அதைக் கட்டின. கூடி என்று சொல்வது ஒரு பேச்சுக்குத்தான். அந்தக் காட்டில் யாரும் கூடி எதையும் செய்ததில்லை. ஒருவர் வந்து தன் வேலையை முடித்துவிட்டுப் போவார். அவர் போன பிறகே அடுத்தவர் வருவார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை.

முதலில் ஒயிலார் என்ற மயில் வந்தார். கரை எந்த வழியாகப் போக வேண்டும் என்று தரையில் கோடு கிழிப்பது அவர் வேலை. கால் நகத்தால் நேர்கோடு கிழித்தார். நாலு தடவை பின்னால் நடந்து அழகு பார்த்தார். அடுத்து கிழங்கன் என்ற காட்டுப்பன்றி தன் கூட்டத்தோடு வந்தான். கோட்டின் மேல் மண்ணைக் குவித்து மிதித்துக் கெட்டியாக்கினான். கடைசியாக முங்கன் என்ற நீர்நாய் வந்தான். அலை வந்து மண்ணை அரித்துவிடாமல் இருக்க, தண்ணீர்ப் பக்கத்துச் சரிவு முழுவதும் கல் பாவினான்.

வேலை முடிந்ததும் ஒவ்வொருவரும் சாட்சிக் கல்லுக்குப் போனார்கள். அது கரை மேட்டில் நாவல் மரத்தடிப் பாறை இடுக்கில், மழை படாத இடத்தில் கிடந்த ஒரு தட்டைக் கல். ஓர் எருமைக் கன்று படுத்துக்கொள்ளும் அளவு இருக்கும். அதன் மேல் களிமண் பூசியிருப்பார்கள். ஈரக் களிமண்ணில் காலை அழுத்தி, "கால் வைத்தாச்சு!" என்று உரக்கச் சொல்ல வேண்டும். அத்தோடு அந்த வேலை முடிந்தது. அதன் பிறகு அதைப் பற்றி யாரும் அவரைக் கேட்கக் கூடாது. அவரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை.

பின்னால் ஏதாவது கெட்டுப்போனால்? காட்டுத் தலைவர் திமிலார் என்ற காட்டெருமை கல்லுக்கு முன்னால் வந்து நிற்பார். காலடிகளைப் பார்ப்பார். தப்பு யாருடையது என்று தீர்ப்புச் சொல்வார். தப்பு செய்தவர் தனியாகவே அதைச் சரி செய்ய வேண்டும். சரி செய்த பிறகு ஏரியை விட்டே போய்விட வேண்டும்.

நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுவரை யாருக்கும் தண்ணீர் கழுத்து மட்டும் வந்ததில்லை.

கரை கட்டும்போது வளையாளை யாரும் கூப்பிடவில்லை. நண்டுக்கு என்ன வேலை கொடுப்பது? ஆனால் அவள் பிறந்து வளர்ந்ததெல்லாம் அந்த மண்ணில்தான். எங்கே களி, எங்கே மணல், எங்கே வேர் ஓடுகிறது என்று அவள் கால்களுக்குத் தெரியும். ஒயிலார் கோடு கிழித்த இடத்தில் ஒரு பழைய மருத மரத்தின் அடிக்கட்டை புதைந்து கிடந்தது. அது உள்ளே அழுகி, வேர்கள் எல்லாம் குழாய் குழாயாகக் காலியாகி இருந்தன. மேலே மண் போட்டால் ஒரு நாள் தண்ணீர் அந்தக் குழாய்க்குள் வழி கண்டுபிடிக்கும்.

அவள் மயிலிடம் போனாள்.

"ஐயா, உங்க கோட்டுக்குக் கீழ ஒரு அழுகின அடிக்கட்டை இருக்கு. கொஞ்சம் வளைச்சுக் கொண்டு போங்களேன்!"

"வளைக்கிறதா? கோடு வளைஞ்சா அழகு என்ன ஆகிறது? அதுவும் நான் கால் வச்சாச்சு!"

அவள் பன்றியிடம் போனாள்.

"அண்ணே, அந்த இடத்தைத் தோண்டி எடுத்துட்டு மண் போடுங்க. கீழ பொந்து!"

"கோட்டு மேல மண் போடச் சொன்னாங்க, போடறேன். கோட்டுக்குக் கீழ என்ன இருக்குன்னு கோடு போட்டவரைக் கேளு!"

நீர்நாயிடம் அவள் போகவில்லை. முங்கனுக்கு நண்டு என்றால் உயிர். அதாவது, தின்பதற்கு. முந்தின மாதம்தான் அவள் அத்தை மகனை அவன் ஓட்டோடு கடித்துத் தின்றிருந்தான்.

இரண்டு பேரும் துரத்திய பிறகு வளையாளுக்கு அலுத்துவிட்டது. 'எனக்கென்ன வந்தது?' என்று இருந்துவிட்டாள். இருந்ததோடு விட்டாளா? கரை எழுந்த பிறகு அந்த வேர்ப் பொந்துக்குள்ளேயே குடியும் புகுந்தாள். ஏற்கெனவே குடைந்து கிடந்த வீடு யாருக்குத்தான் கசக்கும்? முன்பக்கம் கொஞ்சம் அகலப்படுத்தினாள். தண்ணீர்ப் பக்கம் ஒரு வாசல் வைத்தாள். குஞ்சு பொரிக்க உள்ளே ஓர் அறையும் குடைந்தாள். தான் செய்வது தப்பு என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியதைத் தள்ளிவைத்தாள்.

ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. ஏரி நிரம்பித் தளும்பியது.

மூன்றாம் நாள் காலையில் வளையாள் கண் விழித்தபோது வீட்டுக்குள் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நின்ற தண்ணீர் என்றால் அவளுக்குப் பழக்கம். இது ஓடும் தண்ணீர். வாசல் வழியாக வந்து, அறையைக் கடந்து, பின்னால் இருந்த இருட்டு வேர்க் குழாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. போகும்போது சுவரிலிருந்து மண்ணையும் உருவிக்கொண்டு போனது.

சுவரைப் பற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கரை மேல் ஏறி வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தாள். கரையின் அடியில், பள்ளத்தை ஒட்டி, ஒரு புது ஊற்று குதித்துக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீர் கலங்கலாக இருந்தது.

கரையில் தெளிந்த தண்ணீர் கசிந்தால் பயம் இல்லை. எந்தக் கரையும் கொஞ்சம் கசியும். கலங்கல் வந்தால் கரை உள்ளேயிருந்து கரைந்து வெளியே வருகிறது என்று பொருள். இதை நண்டுக் குஞ்சுகூட அறியும்.

பள்ளத்தில் கிழங்கனின் ஒன்பது குட்டிகளும் அந்த ஊற்றைப் பார்த்துவிட்டு, புதிதாகச் சேறு கிடைத்த சந்தோஷத்தில் புரண்டுகொண்டிருந்தன.

"கரையில ஓட்டை! கரையில ஓட்டை!" என்று ஒயிலார் நாவல் மரத்தின் மேலிருந்து அகவினார்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். எங்கே? ஊற்றுக்கு அல்ல, சாட்சிக் கல்லுக்கு.

"என் கோடு நேரா இருக்கு! வேணும்னா அளந்து பாருங்க!" என்றார் ஒயிலார்.

"கோட்டு மேலதான் மண் போட்டேன்! ஒரு சாண் விலகலை!" என்றான் கிழங்கன்.

"நான் கல் பாவினவன். கல்லு அப்படியே இருக்கு. ஓட்டை மண்ணுலதானே?" என்றான் முங்கன்.

"மண்ணுல ஓட்டைன்னா எதுக்கு என்னைப் பாக்கறே? உன் கல்லு வெயிட்டு தாங்காமதான் மண்ணு விட்டுப்போச்சு!" என்று கிழங்கன் உறுமினான்.

திமிலார் கல்லின் முன்னால் நின்று ஒவ்வொரு காலடியாக முகர்ந்து பார்த்தார். அவர் அவசரப்படும் ஆள் இல்லை. தீர்ப்பு என்று வந்துவிட்டால் நிதானம் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஊற்று அப்போது புல் தண்டு பருமனிலிருந்து மூங்கில் பருமனுக்கு வந்திருந்தது.

வளையாள் ஒரு கல்லுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு கேட்டாள். உள்ளே வழி எங்கே இருக்கிறது என்று அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். ஆனால் சொன்னால் என்ன ஆகும்? வாசல் வைத்தது யார் என்று கேட்பார்கள். ஏரியை விட்டுப் போ என்பார்கள். அடுத்த ஏரி கல்லாங்கரடு என்ற பாறை மேட்டுக்கு அந்தப் பக்கம், நண்டு நடையில் நாலு நாள். கரட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்காது. அவள் எப்படியாவது போய்ச் சேருவாள். வயிற்றில் இருக்கும் எண்பதும் சேராது.

பேசாமல் போய்விடலாம் என்று தோன்றியது. கரை உடைந்தாலும் மறுகோடி உடையாது. அங்கே ஒரு பாறை இடுக்கு இருக்கிறது. யாரும் கேட்கப் போவதில்லை. வளையாள் பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினாள். பாதித் தூரம் போயும்விட்டாள்.

அப்போது பள்ளத்திலிருந்து பன்றிக் குட்டிகள் சிரித்துக்கொண்டு ஒன்றையொன்று சேற்றில் தள்ளிவிடும் சத்தம் கேட்டது. அவள் வயிற்றுக்குள் குஞ்சுகள் நெளிந்தன. வளையாள் நின்றாள். தன்மீதே அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. பிறகு வந்த வழியே திரும்பினாள்.

திரும்பி வந்தபோது கிழங்கன் தீர்ப்புக்குக் காத்திருக்க முடியாமல் ஒரு பெரிய களிமண் குவியலைக் கரை மேல் கொண்டுவந்து சேர்த்திருந்தான். வெளிப்பக்கம் உருட்டிவிட்டு ஊற்றின் வாயை அடைத்துவிடுவது அவன் திட்டம்.

"அண்ணே, வேண்டாம்!" என்று வளையாள் கத்தினாள். "வெளியில அடைச்சா தண்ணி உள்ள முட்டி நிக்கும். அப்புறம் வேற பக்கம் பிச்சுக்கிட்டு வரும். உள்ள இருந்து அடைக்கணும்!"

எல்லோரும் கீழே பார்த்தார்கள். ஒரு நண்டு, பெரியவர்கள் கூட்டத்தில் வாய் திறப்பது அதுதான் முதல் தடவை.

"உள்ள எங்கன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார் திமிலார்.

"தெரியும் பெரியய்யா."

"எப்படித் தெரியும்?"

வளையாள் கிழங்கனின் களிமண் குவியலைக் கொடுக்கால் காட்டினாள். "அதைச் சொல்றேன். அதுக்கு முந்தி எனக்கு ஒண்ணு வேணும். இந்தக் களிமண்ணுல நாம எல்லாரும் கால் வைக்கணும்."

"வேலை முடிஞ்ச பிறகுதானே கால் வைக்கறது? இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!" என்றார் ஒயிலார்.

"இந்த ஒரு தடவை முதல்ல வைப்போம் ஐயா. எல்லாக் காலும் ஒரே மண்ணுல. இன்னைக்கு யார் எதைச் சொன்னாலும் அது எல்லாரோட தப்பு. அடைச்சா எல்லாரோட வேலை. உடைஞ்சா எல்லாருக்கும்தான் அடி. யாரையும் ஏரியை விட்டுத் துரத்தக் கூடாது!"

திமிலார் தலையை ஆட்டினார். "அப்புறம் தப்புக்கு யாரம்மா பதில் சொல்றது? என் அப்பா காலத்துலேருந்து இருக்கிற வழக்கம். நீ பாட்டுக்கு வந்து மாத்திடுவியா?"

அவர் சொல்லி வாய் மூடவில்லை. வெளிச்சரிவில் ஒரு மண்பாளம் தொப்பென்று சரிந்து விழுந்தது. ஊற்று இப்போது வாழைத்தண்டு பருமன் ஆகிவிட்டது. கீழே குட்டிகளின் சிரிப்பு நின்றுபோனது.

கிழங்கன் பள்ளத்தை எட்டிப் பார்த்தான். முன்னங்காலைத் தூக்கினான். களிமண் குவியலில் சதக் என்று பதித்தான். "என் பிள்ளைங்க கீழ நிக்குது. வழக்கத்தை அப்புறம் பாத்துக்கலாம்!" என்றவன், குட்டிகளை மேட்டுக்கு ஏறச் சொல்லிக் கத்தினான். அவை ஏறத் தொடங்கின. ஆனால் பள்ளத்தில் முயல் வளைகளும் மான் கன்றுகளும் இருந்தன. அவற்றுக்கெல்லாம் யார் போய்ச் சொல்வது?

அடுத்து முங்கன் காலை வைத்தான். ஒயிலார் மரத்திலிருந்து இறங்கி, தோகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அருவருப்போடு ஒரு விரலை மட்டும் வைத்தார். "முழுக் கால்!" என்றான் கிழங்கன். முழுக் காலையும் வைத்தார். வளையாள் பத்துக் கால்களையும் வைத்தாள்.

கடைசியில் திமிலார் மட்டும் மிச்சம். அவர் ஒரு தடவை சாட்சிக் கல்லைப் பார்த்தார். ஒரு தடவை பள்ளத்தைப் பார்த்தார். பெருமூச்சு விட்டபடி குளம்பை அழுத்தினார். அவர் குளம்பு பட்டதும் களிமண்ணில் ஒரு பெரிய குழி விழுந்தது.

"இப்பச் சொல்லு."

"அந்த ஓட்டைக்கு வாசல் வச்சது நான்தான்," என்றாள் வளையாள். "அதுதான் என் வீடு."

கிழங்கனின் பிடரி மயிர் சிலிர்த்தது. கோரைப்பல் தெரிந்தது. வளையாள் கண்ணை மூடிக்கொண்டாள். கிழங்கன் அவளைப் பார்த்தான். பிறகு களிமண்ணைப் பார்த்தான். அவன் காலடியும் அவள் காலடியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"ம்ம்," என்றான். "மண் போடும்போது அங்க கால் உள்ள போச்சு. ஏதோ அழுகல் வாடை வந்துச்சு. கேட்டா என் தலையில கட்டிடுவாங்கன்னு மேல மண்ணைப் போட்டு மூடிட்டேன்," என்றான்.

முங்கன் மூக்கைச் சொறிந்தான். "அந்த இடத்துல நான் வச்ச கல்லு ரெண்டு தடவை அமுங்கிச்சு. நானும் மேல இன்னொரு கல்லை வச்சுட்டுப் போயிட்டேன்."

எல்லோரும் மயிலைப் பார்த்தார்கள்.

"அடிக்கட்டை தெரிஞ்சுதான் இருந்தது," என்றார் ஒயிலார் மெல்லிய குரலில். "வளைக்க மனசு வரலை."

கரை ஏன் ஒழுகுகிறது என்று ஒரு காலை முழுக்க யாருக்கும் தெரியவில்லை. நாலு பேரிடமும் நாலு துண்டாக இருந்த செய்தி, இப்போது நாலு மூச்சில் வெளியே வந்துவிட்டது.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது.

ஒயிலார் மர உச்சிக்குப் பறந்தார். அங்கிருந்து பார்த்தால் தண்ணீரின் மேல் ஒரு சிறு சுழி தெரிந்தது. "நாவல் மரத்துக்கு நேரா, கரையிலேருந்து மூணு பாய்ச்சல் தூரத்துல சுழிக்குது!" என்று கத்தினார்.

கிழங்கன் பள்ளத்தில் இறங்கினான். இந்தத் தடவை ஊற்றை மூடவில்லை. ஊற்றைச் சுற்றி மண்ணால் வட்டமாக வரப்பு கட்டினான். உள்ளே மணலும் கூழாங்கல்லும் கொட்டினான். வட்டத்துக்குள் தண்ணீர் உயர உயர, ஊற்றின் வேகம் குறைந்தது. தண்ணீர் கல்லிடுக்கில் வெளியேறியது, மண் தங்கிவிட்டது.

உள்பக்கம்தான் சிக்கல். தண்ணீர் கலங்கிக் கிடந்ததால், பாவிய கற்களுக்கு நடுவில் வாசல் எங்கே என்று முங்கன் இரண்டு தடவை முங்கியும் காணவில்லை.

"நான் வரேன்," என்றாள் வளையாள். "உன் முதுகுல ஏத்திக்கோ."

முங்கன் அவளைப் பார்த்தான். அவன் நாக்கு தானாக ஒரு தடவை உதட்டை நக்கியது. உடனே வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பயப்படாதேக்கா. ஒரே மண்ணுல கால் வச்சிருக்கோம்."

"பயம் எனக்கில்லை. இதுங்களுக்குத்தான்," என்று வளையாள் வயிற்று மடிப்பைத் திறந்தாள். திமிலாரின் குளம்புக் குழியில் மழைத்தண்ணீர் நிரம்பியிருந்தது. குஞ்சுகளை அதில் இறக்கிவிட்டாள். "பெரியய்யா, பாத்துக்கோங்க!"

காட்டுக்கே தலைவரான திமிலார், வாழ்நாளில் முதல் தடவையாக, அசையாமல் நின்று ஒரு குழிக்குக் குடை பிடித்தார். தன் தலையையே மேலே நீட்டி, மழைத்துளி வேகமாக விழாமல் பார்த்துக்கொண்டார்.

முங்கன் முங்கினான். வளையாள் அவன் ரோமத்தைப் பிடித்துக்கொண்டாள். தண்ணீருக்குள் சேறுதான் தெரிந்தது. ஆனால் இழுப்பு எங்கிருந்து வருகிறது என்று அவள் கால்களுக்குத் தெரிந்தது. "கீழ... இடது பக்கம்... இந்தக் கல்லுக்கு அடியில!" அவள் வாசலின் விளிம்பைக் கொடுக்கால் கவ்விக்கொண்டாள். முங்கன் சிறு கல்லாகத் தூக்கிப் போட்டான். தண்ணீர் அதை விழுங்கியது. இன்னொன்று போட்டான். அதுவும் போனது.

அவன் மேலே வந்து மூச்சு வாங்கினான். "வாசல் கிடைச்சாச்சு! நண்டக்கா அடையாளத்துக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்குது. ஆனா என் கல்லு எதுவும் பத்தாது. பெரிசா, தட்டையா ஒரு கல்லு வேணும்!"

மூங்கிலடிக் காட்டில் பெரிதாக, தட்டையாக, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரே ஒரு கல்தான் இருந்தது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள்.

"அது சாட்சிக் கல்!" என்றார் திமிலார்.

"ஆமா பெரியய்யா," என்றான் முங்கன்.

"அதுல எல்லார் காலடியும் இருக்கு!"

"ஆமா பெரியய்யா. நண்டக்கா ரொம்ப நேரம் தாங்காது!"

திமிலார் காலடியில் இருந்த குஞ்சுகளைப் பார்த்தார். குழிக்கு மேல் ஒரு பலா இலையைப் போட்டார். பிறகு பாறை இடுக்குக்குப் போனார். கொம்பைக் கல்லுக்கு அடியில் கொடுத்தார். திமில் புடைத்தது. கல் நகர்ந்தது, சாய்ந்தது, கரைச் சரிவில் வழுக்கிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கியது. முங்கன் கூடவே பாய்ந்து அதன் விளிம்பைத் தள்ளித் திருப்பினான்.

கீழே வளையாளின் கொடுக்கு மரத்துப்போயிருந்தது. மேலே ஒரு பெரிய நிழல் வருவதைப் பார்த்தாள். 'நகர்ந்துக்கோ' என்று முங்கன் சொல்லியிருந்தான். எங்கே நகர்வது? அவள் பிடியை விட்ட நொடியில் தண்ணீர் அவளை உள்ளே உறிஞ்சியது. பின்னால் கல் பொத்தென்று வாசலை மூடியது.

இருட்டு. தன் வீட்டுக்குள்ளேயே அவள் உருண்டு உருண்டு போனாள். முன்கட்டு போனது. குஞ்சு பொரித்த அறை போனது. இவ்வளவு வேகமாக அவள் தன் வீட்டைச் சுற்றிப் பார்த்ததில்லை. வேர்க் குழாயில் ஒரு கொடுக்கு சிக்கி முறிந்தது. பிறகு தண்ணீரின் வேகம் அவளை மணலையும் கூழாங்கல்லையும் பிளந்துகொண்டு மேலே தள்ளியது. திடீரென்று வெளிச்சம்.

அவள் கூழாங்கல்லின் மேல் மல்லாந்து கிடந்தாள். சுற்றிலும் கிழங்கன் கட்டிய வட்ட வரப்பு. மேலே அவனுடைய பெரிய மூக்கு.

"அட! நீயா!" என்றான் கிழங்கன்.

காலையில் நினைத்தபடி அந்த வாயைக் களிமண்ணால் அடைத்திருந்தால் அவள் உள்ளேயே கிடந்திருப்பாள். அது இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. கிழங்கன் அவளை மூக்கு நுனியில் ஏந்திக்கொண்டு கரை மேல் கொண்டுபோய்க் குளம்புக் குழிக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டான். வளையாள் பலா இலையை விலக்கினாள். முதல் தடவையாகப் பொறுமையாக எண்ணினாள். எண்பத்து மூன்று இருந்தன. அவள் அழுதுவிட்டாள்.

மாலைக்குள் ஊற்றுத் தண்ணீர் தெளிந்தது. பிறகு கசிவாகச் சுருங்கியது. மழையும் விட்டது.

திமிலார் தொண்டையைச் செருமினார். பழக்கம் யாரை விட்டது? "சரி. இப்பச் சொல்லுங்க. இது யார் தப்பு?" என்றபடி பாறை இடுக்கின் பக்கம் திரும்பினார். இடுக்கு காலியாக இருந்தது.

"கல்லு கீழ வாசலை அடைச்சுக்கிட்டு இருக்கு," என்றான் முங்கன் பணிவாக. "காலடி கரைஞ்சிருக்கும். இருந்தாலும், வேணும்னா எடுத்துப் பாத்துடலாமா பெரியய்யா?"

"வேண்டாம்! வேண்டாம்!" என்றார் திமிலார் அவசரமாக. அவர் அவசரப்பட்டு யாரும் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த கோடையில் ஏரி வற்றியதும் அந்த இடத்தைத் தோண்டி, அடிக்கட்டையை எடுத்துவிட்டுக் கரையைப் புதிதாகக் கட்டினார்கள். வேலை தொடங்கும் முன்பே எல்லோரும் ஒரே களிமண்ணில் கால் வைத்தார்கள். ஒயிலார் கோடு கிழிக்க வந்தபோது பக்கத்தில் பன்றி நின்றான், நீர்நாய் நின்றான். நடுவில், பாதி வளர்ந்த புதுக் கொடுக்கோடு வளையாள் நின்றாள். நண்டுகள் குடியிருக்கக் கரைக்கு வெளியே கிழங்கன் தனியாக ஒரு மண்மேடு போட்டுக் கொடுத்திருந்தான். அந்த மேட்டுப் பக்கம் முங்கன் இரை தேடிப் போவதில்லை. ஏரியின் அக்கரையில் என்ன தின்கிறான் என்று யாரும் கேட்கவில்லை.

"இங்க வளைக்கலாமா?" என்று ஒயிலார் குனிந்து கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் ஐயா," என்றாள் வளையாள்.

கோடு வளைந்தது. ஒயிலார் நாலு தடவை பின்னால் நடந்து பார்த்தார். அதுவும் அழகாகத்தான் இருந்தது.

நீதி: தப்பு யாருடையது என்று முதலில் தேடுகிற இடத்தில் எல்லோரும் தமக்குத் தெரிந்ததை மறைப்பார்கள்; தொடக்கத்திலேயே பொறுப்பை ஒன்றாக ஏற்றுக்கொள்கிறவர்களின் கரைதான் வெள்ளத்தில் நிற்கும்.